கேம்ப்புக்குக் கிளம்பும் முன்: என்.எஸ்.எஸ். மாணவர் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். ஆறு வருடம் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலுவலராகவும் இருந்தேன். கல்லூரி திறந்து முதலாண்டுப் பிள்ளைகள் பெயர் கொடுக்க வரும்போது வருடா வருடம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான். பெற்றோர் கேட்பது, புதிதாகப் பொறுப்பேற்ற ஆசிரியர்கள் போனில் கேட்பது எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

என்.எஸ்.எஸ்.-இல் சேர்ந்தால் மொத்தம் எவ்வளவு நேரம் வேலை? அதில் பயிற்சி எவ்வளவு?

வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240. இது போக, ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று. அதைத்தான் எல்லோரும் 'கேம்ப்' என்கிறோம். முதல் வருட 120 மணியில் 20 மணி அறிமுகப் பயிற்சிக்கு, 30 மணிக்கு மிகாமல் வளாகத்துக்குள் வேலை, மீதி 70 மணி தத்தெடுத்த ஊரிலோ நகரத்துக் குடிசைப் பகுதியிலோ என்று கையேட்டிலேயே பிரித்திருக்கிறார்கள்.

ஆறில் ஒரு பங்கு பயிற்சிக்கு! காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது. அந்த 20 மணி நேரத்தை உருப்படியாகச் செலவிடும் கல்லூரிகள் குறைவு. தொடக்க விழா, சிறப்பு விருந்தினர் உரை, பொன்னாடை, நன்றியுரை என்று பாதி கரைந்துவிடும். மீதிப் பாதிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் இருக்கும்.

சேவை செய்யத்தானே வருகிறோம், அதற்கு எதற்குப் பயிற்சி? மண்வெட்டி பிடிக்கத் தெரியாதா?

மண்வெட்டி பிடிக்கத் தெரியும், எங்கே வெட்டுவது என்பதுதான் தெரியாது. நான் பட்டதைச் சொல்கிறேன்.

பொறுப்பேற்ற முதல் வருடம், பயிற்சி எதுவும் கொடுக்காமல் ஐம்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓர் ஊருக்குப் போனேன். ஊருக்குப் பின்னால் பெரிய திடல் ஒன்று வெறுமனே கிடந்தது. 'சும்மாதானே கிடக்கிறது' என்று 150 புங்கன் கன்றுகளை வரிசை பிடித்து நட்டோம். குழி ஆழம் சரி, இடைவெளி சரி, தண்ணீரும் ஊற்றினோம். பொங்கல் முடிந்து போய்ப் பார்த்தால் திடலில் ஒரு கன்றுகூட இல்லை. நெல்லும் உளுந்தும் காய்ந்துகொண்டிருந்தன. அது ஊர்க் களம். நிழல் விழுந்தால் எங்கே காயப்போடுவார்கள்?

யாரும் எங்களைத் திட்டவில்லை. கன்றுகளை வேரோடு மண்ணோடு பெயர்த்துக்கொண்டுபோய் அவரவர் வரப்போரம் நட்டிருந்தார்கள். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றேன். ஒரு பெரியவர் சொன்னார்: "பிள்ளைக ஆசையா நட்டுச்சுங்க சார். மூஞ்சிக்கு நேரா எப்படி வேண்டாங்கறது?"

"இந்த இடத்தை எதுக்குப் பயன்படுத்துறீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அதைக் கேட்க எங்கள் ஐம்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அதற்கடுத்த வருடத்திலிருந்து என் 20 மணி நேரத்தில் பெரும்பகுதி கேட்கப் பழக்குவதற்குத்தான்.

வீடு வீடாகக் கணக்கெடுப்புக்குப் போக வேண்டுமாமே. தெரியாதவர் வீட்டில் போய் எப்படிப் பேசுவது?

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். பயப்படுவதும் நல்லதே. பயமில்லாமல் போகிறவன்தான் வாசலில் நின்றபடியே "மாச வருமானம் எவ்வளவு?" என்று ஆரம்பிப்பான்.

வகுப்பறையில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டு அதை வாசல்படியாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரராக நடிக்க முதலில் மாணவர்களையே உட்கார வைத்தேன். சிரித்துச் சிரித்து விளையாட்டாகிவிட்டது. பிறகு எங்கள் கேன்டீனில் இட்லி ஊற்றும் அக்காவைக் கேட்டுப் பார்த்தேன். அன்றைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தார். நியாயமான நிபந்தனை. தினமும் அரைமணி நேரம் பஸ்ஸில் வருகிறவர். நாங்கள் கேம்ப் போடுவது அவர் ஊர் மாதிரியான ஊர்களில்தான்.

முதல் பையன் பாரத்தைக் கிளிப் அட்டையில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றான். "வணக்கம், நாங்க காலேஜ்லருந்து வர்றோம், உங்க வீட்ல கழிப்பறை இருக்கா?" அக்கா அவனைப் பார்க்கவே இல்லை. அரிசி புடைப்பது போல் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவன் மறுபடி கேட்டான். "இருக்கு, போ" என்றார்.

"நிஜமாவே இருக்காக்கா?" என்று நான் கேட்டேன்.

"இல்ல சார். பக்கத்து வீட்டுக்காரி பாத்துக்கிட்டு இருக்கையில இல்லைன்னு சொல்வாங்களா? தம்பி, முதல்ல உக்காரு. நின்னுக்கிட்டே கேட்டா ரேஷன் கார்டைப் பிடுங்க வந்த மாதிரி இருக்கு. என்ன சமையல்னு கேளு. எம்மவன் என்ன படிக்கிறான்னு கேளு. அப்புறம் அந்த அட்டையைக் கீழ வை."

அன்றைக்கு அவர் சொன்னதுதான் இன்றுவரை எங்கள் பாடத்திட்டம். திண்ணையோ தரையோ, உட்கார். பெயரைச் சொல், ஊரைச் சொல், எதற்கு வந்திருக்கிறாய் என்று சொல். இந்தக் கணக்கால் உங்களுக்குப் பணமோ வீடோ வரும் என்று ஒருபோதும் சொல்லாதே, வராது. பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் கும்பிட்டுவிட்டுக் கிளம்பு. வருமானம், கடன், கழிப்பறை மூன்றும் கடைசியில், அதுவும் பக்கத்தில் ஆள் இல்லாதபோது. இருவர் இருவராகப் போங்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர் திரும்பி வந்தபின் எழுதட்டும். காலை பத்து மணிக்குப் போனால் நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போயிருப்பார்கள். வீட்டில் கிழவிகளும் கோழிகளும்தான் இருக்கும். ஆகவே மாலை நேரத்தில் போங்கள்.

ஊர் வரைபடம் போட வேண்டும் என்கிறார்களே, அது என்ன?

ஊரை ஊர்க்காரர்களையே வரையச் சொல்வது. பங்கேற்பு மதிப்பீடு என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். வாத்தியார் போட்டு எடுத்துப்போகும் வரைபடம் இதில் சேராது. கோவில் முன்னாலோ பள்ளி மைதானத்திலோ இடத்தைப் பெருக்கி, கோலப்பொடி, செங்கல் துண்டு, புளியங்கொட்டை, இலை எல்லாம் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். முதலில் ஆண்கள் வந்து கோவிலையும் ரோட்டையும் போடுவார்கள். கோலப்பொடி பெண்கள் கைக்குப் போனதும் படம் மாறும். குழாய் எங்கே, எந்தத் தெருவோடு தண்ணீர் நின்றுபோகிறது, ராத்திரியில் எந்த விளக்கு எரியாது என்பதெல்லாம் அப்போதுதான் தரையில் வரும்.

மாணவர்கள் இதில் கற்க வேண்டியது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. 'அந்தக் கோடு கோணலாக இருக்கு' என்று பொடியை வாங்கித் திருத்தப் போகும் கையை நான் பல தடவை பிடித்து இழுத்திருக்கிறேன். முடிந்ததும் படத்தைத் தாளில் நகல் எடுத்து, ஒரு நகலை ஊரிலேயே கொடுத்துவிட வேண்டும்.

சாதி பற்றியெல்லாம் பயிற்சியில் பேசலாமா?

பேசாமல் எப்படி? தமிழ்நாட்டில் பல ஊர்கள் இரண்டாகத்தான் இருக்கின்றன. கேம்ப் எந்தப் பக்கம் தங்குகிறது, எந்தத் தெருவிலிருந்து வேலையைத் தொடங்குகிறது, யார் வீட்டில் சாப்பாடு என்பதை முதல் நாள் மாலைக்குள் ஊரே கணக்குப் போட்டுவிடும். எல்லோரும் வந்துபோகிற பள்ளிக்கூடத்தில் தங்குவது, கணக்கெடுப்பைக் கடைசித் தெருவிலிருந்து தொடங்குவது, எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் வாங்கிக் குடிப்பது என்பவை நாங்கள் வைத்திருக்கும் வழக்கம். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. எங்கள் பிள்ளைகள் தெருப் பெயரைக் கேட்டு அதைத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலர் அந்தத் தெருக்களிலிருந்து வந்தவர்கள். 'அவர்களுக்கு நாம் உதவப் போகிறோம்' என்று பயிற்சியாளர் பேசும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை என் வகுப்பில் யாரும் சொல்ல விடுவதில்லை.

பெண் பிள்ளையை ஏழு நாள் வெளியூரில் தங்க அனுப்பலாமா?

அம்மாக்கள் கேட்பது, கேட்க வேண்டியதும்கூட. இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இரவும் உடன் தங்கும் ஆசிரியைகள் எத்தனை பேர், தங்கும் இடத்தில் தாழ்ப்பாளோடு கழிப்பறையும் குளியலறையும் இருக்கிறதா, நாப்கின் அப்புறப்படுத்த என்ன ஏற்பாடு, புகார் என்றால் யாரிடம் சொல்வது. திட்ட அலுவலர் பதில் சொல்லத் தடுமாறினால் அந்த வருடம் அனுப்பாதீர்கள். பதில் சரியாக இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள்.

சீமைக் கருவேலம் வெட்டப் போகிறோம். அதற்கும் பயிற்சி வேண்டுமா?

மற்ற எதையும்விட இதற்குத்தான் வேண்டும். முதலில் எது சீமைக் கருவேலம் என்று தெரிய வேண்டும். ஒரு கேம்ப்பில் நாட்டுக் கருவேலத்தை வெட்டிப் போட்டுவிட்டு நின்றோம். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் பந்து போல் உருண்டையாக இருக்கும். காய் பாசிமணி கோத்தது மாதிரி கணுவுக்குக் கணு சுருங்கி, சாம்பல் பூத்திருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ விரல்போல் நீண்ட கதிர்; காய் முற்றினால் மஞ்சளாக நீண்டு தொங்கும். இரண்டின் கிளையையும் ஒடித்து வந்து மேசையில் வைத்து, கண்டுபிடிக்கத் தெரிந்தவன் கையில்தான் அரிவாள்.

அடுத்தது, மேலே வெட்டினால் மரம் சாகாது. அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரைத் தோண்டி எடுக்க வேண்டும், அதற்கு ஐம்பது மாணவர்களின் கை போதாது, ஊராட்சியிடம் பேசி இயந்திரம் வரவேண்டும். அப்படியென்றால் மாணவர்களுக்கு என்ன வேலை? இளங்கன்றுகளை மழைக்குப் பிறகு ஈர மண்ணிலிருந்து வேரோடு பிடுங்குவது. போட்டோவில் அவ்வளவு எடுப்பாக இருக்காது, ஆனால் பலன் இதில்தான். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இந்த மரத்தை நம்பி இருக்கின்றன. அங்கே யார் மரம் என்று கேட்காமல் வெட்டப் போனால் களத்தில் புங்கன் நட்ட கதைதான்.

சாக்கடை அள்ளுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெருவோர வடிகாலில் மண்ணையும் இலைதழையையும் ஒதுக்கலாம், பூட்ஸும் கையுறையும் போட்டு. மலக்கழிவு கலந்த சாக்கடையிலோ மலக்குழியிலோ மாணவரை இறக்கவே கூடாது. மனிதர்களை அந்த வேலையில் ஈடுபடுத்துவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 'சேவை' என்று பெயர் மாற்றினால் சட்டம் மாறாது.

முதலுதவி என்ன சொல்லித் தருவீர்கள்?

முள் குத்து, வெட்டுக்காயம், வெயில் மயக்கம், நாய்க்கடி, பாம்பு. எல்லாவற்றுக்கும் 108. பாம்பு பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக.

கேம்ப்பில் எல்லோரும் பள்ளிக்கூடத் தரையில் பாய் விரித்துப் படுப்போம். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, தரையில் தூங்குகிறவர்களைக் கடிப்பது அதிகம். பெரிதாக வலிக்காது, தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் ஒருவர் வயிறு வலிக்கிறது, கண்ணிமை தூக்க முடியவில்லை என்று சொன்னால் 'ராத்திரிச் சாப்பாடு சேரவில்லை' என்று சோடா வாங்கிக் கொடுக்காதீர்கள், உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எந்தப் பாம்பு கடித்தாலும் கடிவாயைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது மூன்றும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், ஆளை நடக்க விடாமல் தூக்கிப் போக வேண்டும். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவர வேண்டிய அவசியமில்லை. இதை வாயால் சொன்னால் நிற்காது. ஒருவரைப் படுக்க வைத்து, பெட்ஷீட்டும் இரண்டு கம்பும் கொண்டு தூக்குக்கட்டில் செய்து, மாடிப்படி இறக்கிக் காட்ட வேண்டும். பாதியில் முடிச்சு அவிழ்ந்து எல்லோரும் சிரிப்பார்கள். அவிழ்வதானால் அங்கேயே அவிழட்டும்.

ரத்ததான முகாமில் யார் கொடுக்கலாம்?

18 வயது முடிந்து, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல் இருப்பவர்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. காலைச் சாப்பாடு சாப்பிடாமல் வந்து நிற்காதீர்கள். கொடுக்க முடியாத பெண் பிள்ளைகளை 'பயந்துவிட்டாள்' என்று கேலி செய்யும் பையன்களுக்குத் தனியாக ஒரு வகுப்பு உண்டு.

பிள்ளைகளுக்கோ பெரியவர்களுக்கோ பாடம் சொல்லிக் கொடுக்க என்ன தயாரிப்பு?

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததை உங்கள் அம்மாவிடமோ ஆச்சியிடமோ கேட்டுப் பாருங்கள். எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்ட இயக்கம் அது. சொல்லிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்த் தொண்டர்களே. அவர்களைப் பழக்குவது இயக்கத்தின் பெரிய வேலையாக இருந்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திலும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்துத்தான் மாலை வகுப்புகளை ஒப்படைத்தார்கள்.

பெரியவர்களுக்கு 'அ'வில் தொடங்காதீர்கள், அவர்கள் பெயரில் தொடங்குங்கள். கைநாட்டு வைத்துவந்த ஒருவர் தன் பெயரை எழுதிவிட்டால் மறுநாள் தானாகவே வருவார். குழந்தைகளோடு வேலை என்றால் ஒரு மாணவர் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் என்ன சொல்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098 எதற்கு என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வகுப்பெடுக்கப் போகக் கூடாது. குழந்தை ஏதாவது சொன்னால் துருவிக் கேட்காமல், யாரிடமும் கதையாகச் சொல்லாமல், ஆசிரியரிடம் கொண்டுவர வேண்டும்.

ரீல்ஸ் எடுத்துப் போடலாமா?

உங்களை எடுங்கள். ஊர்க்காரர்களை எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். குழந்தைகள் முகம் வேண்டாம். எதையாவது கொடுக்கும்போது, வாங்குகிறவர் கையும் முகமும் தெரியும்படி எடுக்கவே வேண்டாம்.

புயல், வெள்ளம் என்றால் உடனே கிளம்பிப் போகலாமா?

மனசு துடிக்கும், தெரிகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் மலைபோல் குவிந்து கிடந்த பழைய துணிகள் என் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும். நல்லெண்ணத்தில் லாரி லாரியாக வந்தவை. யாரும் உடுத்தவில்லை; அவற்றை அப்புறப்படுத்துவதே தனி வேலையாகிப் போனது. இடிந்த வீட்டில் மீனவப் பெண்களுக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

போகலாம், ஆனால் அழைத்தபின். மாவட்ட நிர்வாகத்திடம் பெயர் கொடுத்து, அவர்கள் சொன்ன இடத்துக்கு, சொந்தச் சாப்பாடு தண்ணீரோடு. மாணவர்களால் நன்றாகச் செய்ய முடிந்தவை சில உண்டு: பொருட்களைப் பிரித்து அடுக்குவது, பட்டியல் எழுதுவது, இழப்பீட்டு மனு எழுதிக் கொடுப்பது, தொலைந்த சான்றிதழ்களுக்கு எங்கே போவது என்று சொல்வது. நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் ஓடும் வெள்ளத்தில் இறங்க வேண்டாம்.

திட்ட அலுவலருக்குப் பயிற்சி உண்டா?

உண்டு. அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. எனக்கு அந்த வாய்ப்பு வருவதற்குள் களத்தில் புங்கன் நட்டு முடித்திருந்தேன். புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் பயிற்சி ஆணை வரும் என்று காத்திருக்காமல், பக்கத்துக் கல்லூரியில் பத்து வருடம் பார்த்தவர் யாராவது இருந்தால் ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள்.

சான்றிதழால் என்ன பலன்?

பட்டப்படிப்பில் பாடத்துக்கு வெளியே செய்யும் பணிகளுக்கான பகுதி ஐந்தில் ஒரு கிரெடிட் கிடைக்கும். சில நேர்காணல்களில் ஒரு கேள்வி கூடுதலாக வரும். அதற்காக மட்டும் சேர்கிறவர்கள் 240 மணி நேரம் ரொம்பவே கஷ்டப்படுவார்கள்.

கேம்ப் முடிந்தபிறகு அந்த ஊரோடு என்ன தொடர்பு?

பெரும்பாலும் எதுவும் இருக்காது, நிறைவு விழாப் பேனரைத் தவிர. நாங்கள் ஒன்று செய்கிறோம். தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கேம்ப்புக்குப் பின் வரும் கிராம சபைக்கு ஐந்து மாணவர்கள் போவார்கள். ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, கணக்கெடுப்பில் கிடைத்ததை ஊருக்கே வாசித்துக் காட்டுவார்கள். யார் பெயரும் சொல்லாமல், எண்கள் மட்டும்.

சென்ற முறை ஒரு மாணவி எழுந்து நடுங்கிக்கொண்டே, "குடிநீர் இணைப்பு இல்லாத வீடுகள் 38" என்று வாசித்தாள். பின்வரிசையில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், "39 பாப்பா. ஓடைக்கு அந்தாண்ட எங்க மாமியார் வீட்டுக்கு நீங்க வரவே இல்ல" என்றார். மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் 38-ஐ அடித்துவிட்டு 39 என்று எழுதினாள். கூட்டம் முடிந்ததும், ஓடைக்கு அந்தப் பக்கம் எப்படிப் போவது என்று அந்த அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.